பேத்தியோடு பெரூஜாவில் ஒரு மாதம்: தாத்தா பாட்டிக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு கோடைக்கோ ஒரு பருவத்துக்கோ இத்தாலிக்குப் படிக்கப் போகிறாள். "நாங்களும் வரட்டுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், "கடைசி வாரம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்பதுதான் வழக்கமான பதில். அதைவிட நல்ல வழி இருக்கிறது: அவளோடு நீங்களும் மாணவராகச் சேர்ந்துவிடுவது.

இதற்கு ஏற்ற ஊர் பெரூஜா. நடு இத்தாலியில், உம்பிரியா மாநிலத்தின் தலைநகரம். வெளிநாட்டவருக்கென்றே ஒரு அரசுப் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. 1921-இல் சில வகுப்புகளாகத் தொடங்கி வளர்ந்தது. இத்தாலிய மொழி வகுப்பில் மாதக் கணக்கில் சேரலாம். இவ்வளவு வயதுக்கு மேல் கூடாது என்ற தடை இல்லை. பேத்தியின் படிப்பு வேறொரு கல்வி நிலையத்தின் திட்டமாக இருந்தாலும் நீங்கள் இங்கே தனியாகச் சேரலாம். அவளுக்கு அவள் வகுப்பு, உங்களுக்கு உங்கள் வகுப்பு, மாலையில் ஒரே மேசையில் சாப்பாடு. இந்த ஏற்பாடு கடைசி வரை கசக்காது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகப் போய் அவள் அறையிலேயே தங்கினால், பத்தாம் நாளே இரண்டு பக்கமும் முகம் சுளிக்கும்.

யார் படிக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இருவரும் சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. காது சற்று மந்தமாக இருப்பவருக்கு மொழி வகுப்பு களைப்பைத் தரும். ஒருவர் படிக்கட்டும், மற்றவர் வீட்டையும் ஊரையும் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இந்த முடிவு விசாவைத் தொடுகிறது, அதனால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

பேத்தியின் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அவள் மூலமாகவே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். மாணவர்களை வெளியூர் கூட்டிப்போகும் நாட்களில் குடும்பத்தார் சொந்தச் செலவில் வரலாமா, தேர்வு வாரம் எது என்ற இரண்டையும் கேட்டுவிட்டால் போதும். மாணவர் பேருந்தில் இடம் இருக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பயணத்துக்கான காப்பீடு பெரும்பாலும் பதிவு செய்த மாணவர்களுக்கு மட்டுமே இருக்கும். தேர்வு வாரத்தில் அவளை விட்டுவிடுங்கள்.

மாதத் தேர்வில் மே, செப்டம்பர் இரண்டும் நல்லவை. ஜூலையில் ஊரில் ஜாஸ் இசை விழா நடக்கும், வாடகை ஏறிவிடும். ஆகஸ்டில் வெயில் கொடுமை. 15-ஆம் தேதி விடுமுறையை ஒட்டிக் கடைகள் பலவும் மூடிக் கிடக்கும். அக்டோபரில் வேறொரு சிக்கல். இந்த ஊர் இருக்கும் தட்பவெப்ப மண்டலத்தில் கட்டடங்களின் வெப்பமூட்டியை வழக்கமாக அக்டோபர் 15-க்கு முன் போட மாட்டார்கள். கல் கட்டடத்தில் அதற்கு முந்தைய குளிர் இரவுகள் மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது.

விசா: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு

90 நாளுக்குள் திரும்புவதால் குறுகிய கால ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) போதும். படிக்கப் போகிறவர் பயண நோக்கத்தில் 'படிப்பு' என்றும், மற்றவர் 'சுற்றுலா' என்றும் எழுத வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதத்தை வைத்துவிட்டு நோக்கத்தில் சுற்றுலா என்று எழுதினால் விண்ணப்பம் தன்னையே மறுத்துக்கொள்ளும். இருவர் விண்ணப்பத்தையும் ஒரே நாளில், ஒன்றை ஒன்று குறிப்பிடும் முகப்புக் கடிதத்தோடு கொடுங்கள்.

வரிசை இப்படி:

1. பயணத்துக்கு ஐந்து மாதம் முன்பு பாஸ்போர்ட்டைப் பாருங்கள். வழங்கிப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும்.
2. நான்கு மாதம் முன்பு வகுப்பில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, சேர்க்கைக் கடிதம் வாங்குங்கள்.
3. மூன்று மாதம் முன்பு விசா மையத்தில் நேரம் பிடியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே கொடுக்கலாம்; கடைசிக் கெடு 15 நாள். முடிவுக்கு 15 நாள் என்பது வழக்கம், சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். கோடைக்கு முன்னால் காலி நேரம் கிடைப்பதே பெரும்பாடு.
4. கட்டணம் 2024 ஜூன் முதல் தலைக்கு 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

கைரேகை எடுக்கும்போது வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து பதியாமல் போவதுண்டு. முந்தின நாலைந்து நாள் இரவில் விரல்நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவி, போகும்போது நன்றாகத் துடைத்துவிட்டுப் போங்கள். ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும், ஓய்வூதியப் புத்தகத்தில் தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும். விசா அலுவலருக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். வகுப்புப் பதிவு, டிக்கெட், காப்பீடு, வீட்டு முன்பதிவு நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். வங்கியில் பெயர் வேறுபட்டால் 'இருவரும் ஒருவரே' என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இணையுங்கள்.

உறவைக் காட்டப் பலரும் பழைய பிறப்புச் சான்றிதழைத் தேடி அலைகிறார்கள். அதைவிட எளிய வழி பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம். பேத்தியின் பாஸ்போர்ட்டில் அவள் பெற்றோர் பெயர், அந்தப் பெற்றோரின் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர். இரண்டு நகலையும் உங்கள் பாஸ்போர்ட் நகலோடு சேர்த்துப் பின் அடித்தால் மூன்று தலைமுறையும் அங்கே தெரியும்.

கையில் எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்பதற்கு இத்தாலி 2000-இலேயே ஒரு அட்டவணை போட்டிருக்கிறது. இருவராகப் பயணம் செய்து 20 நாளுக்கு மேல் தங்கினால், ஒருவருக்கு நிலையான தொகை 118.79 யூரோ, அதோடு நாளொன்றுக்கு 17.04 யூரோ. முப்பது நாளுக்கு ஒருவருக்கு 629.99, இருவருக்கும் 1,260 யூரோ. இது சட்டத்தின் அடிமட்டம். வாடகையும் மருந்தும் இதற்குள் அடங்காது; வங்கிக் கணக்கில் இதன் மூன்று மடங்காவது நிற்பது நல்லது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பிள்ளைகள் மொத்தமாகப் பணம் போட்டு நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மாதாமாதம் வரும் ஓய்வூதியம் சிறிதாக இருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு அதிகம். பிள்ளைகள் செலவை ஏற்பதானால் அதைக் கடிதமாக எழுதி, அவர்கள் வங்கிக் கணக்கையும் வையுங்கள்.

காப்பீடும் மருந்தும்

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தொகை அட்டையில் இருக்கும். ஆனால் உள்ளே, 'ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பொருந்தாது', 'அறை வாடகைக்கு இவ்வளவுதான்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு மாரடைப்பு வந்தால் அதையே பழைய நோய் என்று தள்ளிவிட இடமுண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் பழைய நோயையும் ஏற்கும் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடும். இந்த ஒரு செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மருந்துகளை முழுப் பயணத்துக்கும் அதற்கு மேல் பத்து நாளுக்கும் எடுத்து, அட்டையோடு, கைப்பையில் வையுங்கள். இன்சுலின் ஒருபோதும் சரக்குப் பெட்டியில் போகக்கூடாது. மருத்துவரிடம் மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப்பெயரையும் எழுதி வாங்குங்கள். இங்கே விற்கும் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. வேதிப்பெயர் தெரிந்தால் போதும்: மெட்ஃபார்மின் அங்கே மெத்ஃபோர்மினா, அம்லோடிபின் அங்கே அம்லோதிப்பினா. இரத்தச் சர்க்கரையை நம் ஊர் அளவிலேயே எழுதுவார்கள் என்பதால் குழப்பமில்லை. பச்சைச் சிலுவை விளக்குதான் மருந்துக்கடையின் அடையாளம். அவசரத்துக்கு 112. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பெயர் 'ப்ரோந்தோ சொக்கோர்ஸோ'. வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள், ஆபத்தின் அளவுப்படிதான் பார்ப்பார்கள். சாதாரணக் காய்ச்சலோடு போனால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வீடு: இதில் தவறினால் மாதம் முழுதும் வலி

பெரூஜா ஒரு குன்றின் முதுகில் இருக்கிறது. மேலே கோர்ஸோ வனுச்சி என்ற அகன்ற தெரு மட்டும் கிட்டத்தட்டச் சமதளம். அதன் ஒரு முனை பியாட்சா இத்தாலியா, மறுமுனையில் பேராலயமும் 13-ஆம் நூற்றாண்டு நீரூற்றும். உங்கள் பல்கலைக்கழகமோ அங்கிருந்து கீழே, ரோமருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர் கட்டிய பழைய நகரவாயிலுக்கு எதிரே, பியாட்சா ஃபோர்த்தெப்ராச்சோவில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் உலிஸ்ஸே ரோக்கி தெரு செங்குத்தான இறக்கம். காலையில் சுகமாக இறங்கிவிடலாம். மதியம் பசியோடும் புத்தகத்தோடும் அதை ஏற வேண்டும். வரைபடத்தில் 'நடக்கும் தூரம்' என்று காட்டுவதை நம்பாதீர்கள். அது ஏற்றத்தைச் சொல்வதில்லை.

அதனால், இருவரும் படிப்பதானால் பியாட்சா ஃபோர்த்தெப்ராச்சோவிலிருந்து தொடங்கும் கோர்ஸோ கரிபால்தியின் முதல் பகுதியில் வீடு பாருங்கள். ஒருவர் மட்டும் படித்து மற்றவர் ஊர் சுற்றுவதானால் பியாட்சா இத்தாலியா பக்கம் நல்லது. ரயில் நிலையம் இருக்கும் ஃபொந்திவெஜ்ஜே பகுதி மலிவு. அங்கிருந்து மேலே வர மினிமெட்ரோ என்ற சிறிய ஓட்டுநரில்லாப் பெட்டி 2008-இலிருந்து ஓடுகிறது, உச்சியில் பின்செத்தோ நிறுத்தம். ஆனாலும் தினமும் இரண்டு வண்டி என்பது பெரியவர்களுக்கு அதிகம்.

விளம்பரத்தில் 'சென்ஸா அசென்ஸோரே' என்றிருந்தால் லிஃப்ட் இல்லை என்று பொருள். பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி என்றால் ஏறக்குறைய அறுபது படி. எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம், குளிக்கும் இடத்தில் தொட்டியா தரையா என்று கேட்டுப் புகைப்படம் வாங்குங்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஏறும்போது வழுக்கி விழுவது நடக்கிற காரியம். ஒரு ரப்பர் விரிப்பு ஊரிலிருந்தே எடுத்துப்போகலாம்.

பேத்தியின் அறையில் 'இரண்டு நாள்தானே' என்று தங்குவதும் வேண்டாம். மாணவர் விடுதி ஒத்துக்கொள்ளாது. தனி வீடானாலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வந்தவரைத் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் அபராதம் 160 முதல் 1,100 யூரோ வரை, அதுவும் அவள் தலையில். முறையாக வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் உங்கள் பாஸ்போர்ட் விவரத்தை வந்த அன்றே வாங்கிப் பதிவு செய்வார். அவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வளைகுடா வழியாக நேராக ரோமில் இறங்கினால் இத்தாலிக்குள் நுழைந்த பதிவு அங்கேயே ஆகிவிடும். ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் வழியாகப் போனால் ஷெங்கன் நுழைவு அங்கே முடிந்துவிடும். அப்படிப் போனால், இத்தாலி வந்த எட்டு நாளுக்குள் 'வந்திருக்கிறேன்' என்று காவல் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். தங்குமிடத்தின் பதிவே அதற்கு ஈடாகும், அதன் நகலை வாங்கி வையுங்கள். முடிந்தால் ரோமுக்கே நேராகப் போங்கள். சக்கர நாற்காலி உதவியை 48 மணி நேரம் முன்பு விமான நிறுவனத்திடம் சொன்னால் ஐரோப்பிய விமான நிலையத்தில் கட்டணமில்லை. நடக்க முடிந்தவரும் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

பெட்டியும் அடுப்படியும்

பால், இறைச்சி சேர்ந்த எதுவும் ஐரோப்பாவுக்குள் கூடாது. நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழமும் பிடிபடும். பருப்புப்பொடி, சாம்பார்ப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, புளி, அப்பளம், பெருங்காயம் தாராளமாகப் போகும்.

அரிசியைச் சுமக்க வேண்டாம். இத்தாலியக் கடைகளில் 'பார்பாய்ல்ட்' என்று அச்சிட்ட அரிசி எங்கும் கிடைக்கும், அது புழுங்கலரிசிதான். நம் பதத்துக்குக் குழைய, பொதியில் சொன்னதைவிடத் தண்ணீரும் நேரமும் கூட்டி வையுங்கள். ரவைக்கு 'செமொலினோ', கடலை மாவுக்கு 'ஃபரீனா தி செச்சி', மைசூர்ப் பருப்புக்கு 'லெந்திக்கியே ரோஸ்ஸே'. தயிருக்கு 'யோகுர்த் பியான்கோ' என்று பார்த்து எடுங்கள். பக்கத்திலேயே வனிலா கலந்தது வெள்ளையாக உட்கார்ந்திருக்கும், மோர்க்குழம்பு கெட்ட பிறகுதான் தெரியும். உம்பிரியாவின் காஸ்தெல்லுச்சோ பயறு பேர்போனது. சின்னச் சின்னதாக இருக்கும், ஊறவைக்க வேண்டியதில்லை, அரை மணியில் வெந்துவிடும்.

மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், மின்மாற்றி தேவையில்லை. நம் மூன்று முனைச் செருகி மட்டும் நுழையாது, மாற்றி வாங்க வேண்டும். ஆனால் பெரும்பாலான இத்தாலிய வீட்டு இணைப்பு மொத்தமே 3 கிலோவாட்தான். இண்டக்ஷன் அடுப்பும் தண்ணீர்க் கொதிகெண்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடினால் வீடே இருண்டுவிடும். மீட்டர் பல கட்டடங்களில் தரைத்தளப் படிக்கட்டின் அடியில் இருக்கும். சாவி வாங்கும்போதே அது எங்கே, எந்தப் பொத்தானைத் தூக்க வேண்டும் என்று காட்டச் சொல்லுங்கள். இரவில் கைவிளக்கோடு படியிறங்கித் தேடும் வேலை வேண்டாம்.

வெளியே சாப்பிடும் சைவக்காரர்கள் மூன்று சொல்லை மனத்தில் வையுங்கள்: 'ப்ரோதோ' என்பது பெரும்பாலும் இறைச்சிச் சாறு, 'ஸ்த்ருத்தோ' பன்றிக் கொழுப்பு, 'கால்யோ' பாலை உறையவைக்கும் பொருள், பெரும்பாலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பது. பார்மெசான் பாலாடைக்கட்டியில் மூன்றாவது கட்டாயம் உண்டு. உம்பிரியா பன்றி இறைச்சிக்குப் பெயர் போன பகுதி, காய்கறிச் சூப்பிலும் துண்டு கிடக்கலாம். கேட்பதில் தயக்கம் வேண்டாம். 'தோர்த்தா அல் தெஸ்தோ' என்ற தட்டை ரொட்டியைக் கல்லில் சுட்டு, கீரை வைத்துத் தருவார்கள். கொழுப்புச் சேர்க்காமல் செய்த கடையைக் கண்டுபிடித்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக் கவலை தீர்ந்தது.

ஊர் ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் நாள் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுவார்கள். 1540-இல் போப் மூன்றாம் பவுல் உப்புக்கு விலையேற்ற, ஊரார் எதிர்த்து எழுந்து தோற்ற நாளிலிருந்து இப்படி என்று உள்ளூரில் சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, அந்தப் போப் ஊரை அடக்கக் கட்டிய ரோக்கா பவோலினா கோட்டையின் அடிவயிறு இன்னும் இருக்கிறது. பேருந்து நிலையமான பியாட்சா பர்த்திஜானியிலிருந்து பியாட்சா இத்தாலியாவுக்கு ஏறும் நகரும் படிக்கட்டு அதற்குள்தான் போகிறது, மண்ணுக்குள் புதைந்த பழைய தெருக்களையும் வீட்டுச் சுவர்களையும் கடந்து. இரத்த அழுத்தக்காரர்களுக்கு அந்த ரொட்டி நல்லதுதான். வந்திறங்கும் நாளில் மட்டும் பெட்டிகளோடு அந்தப் படிக்கட்டில் ஏறாதீர்கள், டாக்சி வையுங்கள்.

வகுப்பில்

தமிழ் காதுக்கு இத்தாலியத்தில் ஒரு வசதி உண்டு. ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் அங்கே பொருள் மாறும். 'நோனோ' ஒன்பதாவது, 'நோன்னோ' தாத்தா. மற்ற நாட்டு மாணவர்கள் இதில் திணறுவார்கள். 'படு', 'பட்டு' என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது இயல்பு. மரியாதைக்கு 'லேய்', நெருக்கத்துக்கு 'தூ' என்ற பிரிவும் நம் நீங்கள், நீ போலத்தான். கடைக்காரரிடம் 'லேய்' சொல்லிப் பழகுங்கள்.

ஆனால் குறிப்பேட்டைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். உண்ணும் பாஸ்தாவையும், 'போதும்' என்று பொருள்படும் இன்னொரு சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாஸ்தா'தான். முதலாவதை p என்ற வல்லொலியிலும் இரண்டாவதை b என்ற அதிரும் ஒலியிலும் தொடங்கிச் சொல்ல வேண்டும். மறுநாள் படித்துப் பார்க்கையில் எது எது என்று தெரியாது. முதல் வாரத்திலிருந்தே ரோமன் எழுத்தில் எழுதுங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். வீட்டுப்பாடத்தை இரவுக்கு ஒத்திப்போடாமல் மதிய ஓய்வுக்குப் பின், கடைகள் மூடியிருக்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள். சந்தேகத்தைப் பேத்தியிடம் கேளுங்கள். நீங்கள் அவளிடம் கேட்பது அவளுக்குப் பிடிக்கும்.

முதல் ஞாயிறு: அசிசி

பெரூஜாவிலிருந்து ரயிலில் அரை மணிக்குள். இயந்திரத்தில் வாங்கும் காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடைப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையிலிருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம். பேருந்து டிக்கெட்டுக்கும் இதே விதி, ஏறியதும் உள்ளே இருக்கும் பெட்டியில்.

அசிசி ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. வெளியே வந்ததும் மேலே போகும் நகரப் பேருந்துக்கு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிவிடுங்கள். புனித பிரான்சிஸ் பேராலயத்தின் அருகிலேயே எல்லோரும் இறங்குவார்கள், நீங்கள் இறங்காதீர்கள். ஊரின் உச்சியில் உள்ள பியாட்சா மத்தெயொத்தி வரை போய் இறங்கினால், அங்கிருந்து ஊர் முழுதும் இறக்கமாகவே வரும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புடவை, வேட்டி இரண்டுக்கும் தடையில்லை. மெதுவாக இறங்கி, சுவரோவியங்களைப் பார்த்து முடித்து, பேராலயத்துக்குக் கீழே உள்ள நிறுத்தத்தில் பேருந்து ஏறினால், அந்த ஏற்றத்தை ஏறாமலே ரயிலுக்கு வந்துவிடலாம்.